சிவப்புத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம்

பிரதேச சபையின் அறிவிப்புகளை வாசிக்கும் வேலை நாகலெட்சுமிக்குக் கிடைத்தது ஒரு தொலைந்த பிள்ளையால். ஊசிமலை அம்மன் கோவில் தேர் அன்று, கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட ஒரு பெண்குழந்தையை யாரோ ஒலிபெருக்கி மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து கத்திக் கத்தி மைக் பிடித்தவருக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தது. பக்கத்துப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த நாகலெட்சுமி வந்து மைக்கை வாங்கினாள். பிள்ளையைப் பார்த்துப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னாள். மஞ்சள் கவுன். இடது காலில் மட்டும் செருப்பு. கையில் பாதி கடித்த சோளம். பெயர் கேட்டால் பாப்பா என்கிறது. இதுவரைக்கும் அழவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தாய் ஓடி வந்துவிட்டாள்.

சபையின் செயலாளரும் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றிருந்தார். சபையில் அப்போது தமிழ் அறிவிப்புக்கென்று ஆள் இல்லை. சிங்களத்தில் வாசிக்கிறவரே தமிழையும் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். நல்ல மனிதர்தான், ஆனால் மூச்சு விடக்கூடாத இடத்தில் விட்டுவிடுவார். ஒருமுறை, "நாளை தண்ணீர். வெட்டப்படும் அனைவரும். சேமித்து வைக்கவும்" என்று ஊரெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டு போனார். வெட்டப்படும் அனைவரும் யார் யார் என்று கடைவீதியில் ஒரு வாரம் பேசிச் சிரித்தார்கள். தேர் முடிந்த மறுவாரம் நாகலெட்சுமியைச் சபைக்குக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்து மேட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். சாதாரண தரம் வரைக்கும் படித்துவிட்டுக் கொழும்பில் தையல் தொழிற்சாலையில் சில வருஷம் இருந்தாள். சிங்களம் அங்கே வாய்த்தது. கல்யாணம் அவளை ஊசிமலை டவுனுக்குக் கொண்டுவந்தது. புருஷன் மரக்கறி லொறி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் தம்புள்ளையிலும் கொழும்பிலும் கிடப்பான். டவுனில் ரபீக்கா என்ற அம்மாள் நடத்திய பேக்கரிக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவளிடம் ஒரு குணம். எதைப் பார்த்தாலும் அது எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தபோது, கம்பி எங்கே போகிறதென்று பார்க்கக் கம்பத்துக்குக் கம்பம் நடந்து, அடுத்த தோட்டத்து எல்லையையும் தாண்டிவிட்டாள். பொழுது சாயும்போது யாரோ ஒரு கங்காணியார் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அம்மாவிடம் வாங்கிய அடி மறந்துவிட்டது. கம்பி எங்கே போனது என்பது கடைசிவரை தெரியாமல் போனதைத்தான் இன்றைக்கும் சொல்லிக் குறைப்படுவாள்.

சபையில் அவளுக்குக் கொடுத்த முதல் காகிதத்தில் மறுநாள் காலையிலிருந்து மாலைவரை நீர் விநியோகம் இருக்காது என்று இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே வேலைப் பகுதிக்குப் போனாள். அங்கே குழாய் வேலைகளுக்கெல்லாம் மேற்பார்வை சின்னத்தம்பி. ஓய்வுபெற இரண்டொரு வருஷம் இருக்கிற, முன்கோபமான மனிதர். ஏன் தண்ணீர் வராது என்று அவள் கேட்டாள். "ஏன்னு உனக்கு எதுக்கும்மா? வராதுன்னு சொல்லு, அது போதும்" என்றார் அவர். அவள் நகரவில்லை. மேல் டாங்கியைக் கழுவப்போகிறோம் என்று ஒருவழியாகச் சொன்னார். அதையும் பார்க்க வேண்டும் என்றாள். ஏணியில் ஏறி எட்டியும் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று மாலை ஊர் கேட்ட அறிவிப்பு இப்படி இருந்தது. மேல் டாங்கியின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு இருக்கிறது. அதை நாளைக்குக் கழுவுகிறோம். அதனால்தான் தண்ணீர் வராது. இன்றைக்கே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தண்ணீர் வராததற்காகச் சபைக்கு ஒருவரும் தொலைபேசியில் ஏசவில்லை. ஆனால் இத்தனை நாள் அந்தச் சேற்றுத் தண்ணியையா குடித்தோம் என்று கேட்டுப் பலர் எடுத்தார்கள். செயலாளர் அவளைக் கூப்பிட்டு, காரணம் சொல்வது நல்லதுதான், முழங்காலை மட்டும் விட்டுவிடு என்றார். அவள் முழங்காலை விட்டாள். காரணத்தை விடவில்லை. மின்கம்பிக்கு மேல் சாய்ந்த சவுக்கை வெட்டுவதால் மின்சாரம் நிற்கும், வீதியில் தார் ஊற்றுவதால் பஸ் சந்தையடியில் நிற்கும் என்று எதற்கும் ஒரு 'ஆல்' சேர்த்தே சொன்னாள். சின்னத்தம்பியும் போகப்போகப் பழகிவிட்டார். அவள் காகிதத்தோடு வருவதைக் கண்டால், அவள் வாயைத் திறக்குமுன்னே காரணத்தைச் சொல்லிவிடுவார்.

அவளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவது றம்ஸானின் ஆட்டோ. பேக்கரி ரபீக்காவின் தம்பி அவர், ஐம்பதைத் தாண்டியவர். கூரையில் முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரண்டு புனல் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார். அவள் அவரை நானா என்பாள், அவர் தங்கச்சி என்பார். கடைவீதி, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி ஏற்றம், பள்ளிவாசல் சந்து, பிறகு கீழ்வீதி. கீழ்வீதி வளைவில் தோட்டத்தின் பெயர்ப்பலகை நிற்கிற இடத்தில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பலகைக்கு அப்பால் தோட்டத்து வீதி.

போன வருஷக் கடைசியில் வந்த பெரிய மழை மலைநாட்டையே உலுக்கிப் போட்டது. ஊசிமலையில் உயிர்ச்சேதம் இல்லை என்றாலும் பஸ் நிலையத்து மூலையில் வீதி பாதிக்குமேல் சரிந்து போயிற்று. சில மாதம் கழித்து அந்த இடத்தில் புது மதகு கட்டச் சபைக்கு அனுமதி வந்தது. வேலையைப் பார்க்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் விஜிதரன் காலையிலேயே வந்து நின்றார். இளைஞர், ஹட்டனில் படித்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். பெக்கோ இயந்திரம் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது கணீரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி குழியிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது.

அது சபையின் குழாய் இல்லை. சபையின் குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக். இது பழைய இரும்பு, கை நுழையும் அளவு அகலம், வெளியே துருவேறி உள்ளே சுத்தமாக இருந்தது. வந்த தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. சின்னத்தம்பி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, இது ஊற்றுத் தண்ணீர் என்றார். நீர்வழங்கல் அலுவலகத்தைக் கேட்டார்கள், எங்களுடையது இல்லை என்றார்கள். தோட்டத்து அலுவலகத்தைக் கேட்டார்கள், பலகைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் குழாயே கிடையாது என்றார்கள். சபையில் இருந்த வரைபடங்களிலும் அது இல்லை. மேல்முனையில் ஒரு மரத்தக்கையை அடித்து இறுக்கித் தண்ணீரை நிறுத்தினார்கள்.

அதற்குள் பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் குழியைச் சுற்றிக் கூடிவிட்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை தன் குதிரைகளுக்குப் போட்ட குழாய் என்றார் ஒருவர். ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோனது என்றார் இன்னொருவர். ஊசிமலைக்கு ரயிலே வந்ததில்லை என்று மூன்றாமவர் சொன்னதும் சண்டை தொடங்கியது. இவர்கள் எல்லோரும் தண்ணீர் வந்த திசையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி மட்டும் குழிக்குள் குனிந்து மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மேல இருந்து வருது, சரி. கீழ எங்க போவுது?"

விஜிதரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதைத்தான் தானும் யோசிப்பதாகச் சொன்னார். எங்கும் போகாமல் ஏதாவது மழைநீர்க் கானுக்குள் விழுகிறது என்றால் மூடிவிட்டுக் கொங்கிரீட் போடலாம். யாராவது குடிக்கிறார்கள் என்றால் மூட முடியாது. கேட்டுப் பார்ப்போமே என்றாள் நாகலெட்சுமி.

இத்தனை நாள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி அன்றைக்கு முதன்முதலாக ஊரைக் கேட்டது. பஸ் நிலையத்தடியில் ஒரு பழைய குழாயை நிறுத்தியிருக்கிறோம், யார் வீட்டிலாவது இன்றைக்குப் புதிதாகத் தண்ணீர் நின்றிருந்தால் சபைக்கு வந்து சொல்லுங்கள் என்றாள். மறுநாள் சபை வாசலில் இடமில்லை. எங்களுக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரி ஏற்றத்துக்காரர்கள். எங்களுக்கு வருகிறது, ஆனால் மீன் வாடை என்றது பள்ளிவாசல் சந்து. ஒரு பாட்டையா தண்ணீரை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் நேற்று நின்றது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நாட்கள் போயின. கொங்கிரீட் லொறிக்குச் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் விஜிதரன் ஒரு யோசனை சொன்னார். அறுபட்ட இரண்டு முனையையும் ஒரு ரப்பர்க் குழாயால் தற்காலிகமாகச் சேர்த்து, தண்ணீரில் சாயம் கலந்து விடுவது. எந்தக் குழாயில் நிறம் வருகிறதோ அதுதான் விடை. குடித்தாலும் கெடுதல் செய்யாத சாயம் வேண்டும் என்றார். நாகலெட்சுமி பேக்கரிக்குப் போய் ரபீக்காவிடம் கேட்டாள். பிறந்தநாள் கேக்குக்கும் சர்பத்துக்கும் போடுகிற சிவப்பு, போத்தல் போத்தலாக இருந்தது. ரபீக்கா காரணத்தைக் கேட்டுவிட்டு, இருந்ததில் பெரிய போத்தலையே தூக்கிக் கொடுத்தாள். சுகாதாரப் பரிசோதகரிடம் விஜிதரன் தொலைபேசியில் கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

அன்று காலை ஊர் கேட்ட அறிவிப்பை இன்றைக்கும் ஊசிமலைப் பிள்ளைகள் பாடிக் காட்டுவார்கள். "அன்பான பொதுமக்களே, இன்றைக்கு உங்கள் குழாயில் சிவப்புத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். அது கேக் சாயம். வந்த உடனே சபைக்குச் சொல்லுங்கள்." பள்ளிக்கூடம் விடுமுறை. பிள்ளைகள் குழாய்களுக்கு முன்னால் குந்திக்கொண்டார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டிப் பார்த்தார். ஊர் முழுக்க ஒரு நல்ல காரியம் நடக்கப்போவதைப் போலக் காத்திருந்தது.

மத்தியானம் ஆயிற்று. கேக் சாயம் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிட்டது. ஒரு குழாயிலும் சிவப்பு வரவில்லை.

எங்கேயோ கானில் விழுந்திருக்கும், மூடிவிடலாம் என்றார் சின்னத்தம்பி. நாகலெட்சுமி கடைசியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்றாள். றம்ஸான் வழக்கம்போலக் கீழ்வீதி வளைவில் பலகையடியில் ஆட்டோவை ஒடித்துத் திருப்பினார். அவள் மைக்கை இறக்கினாள்.

"ஏன் நானா எப்பவும் இதுலயே திருப்புறோம்?"

எப்போதும் இங்கேதான் திருப்புவது என்றார் றம்ஸான். அவருக்கு முன்னால் வண்டி ஓட்டியவரும் இங்கேதான் திருப்பினார். இதற்கப்பால் தோட்டம், சபைக்குச் சம்பந்தமில்லை. அங்கே எத்தனை வீடு என்று அவள் கேட்டாள். கீழ்ப்பிரிவில் இரண்டு லயம் இருக்கிறது, அந்தச் சரிவுக்குப் பின்னால் என்றார் அவர். இங்கே பேசினால் அங்கே கேட்குமா என்று அவள் கேட்டாள். றம்ஸான் இஞ்சினை நிறுத்தினார். இடையில் ஒரு மலைமடிப்பு. கேட்காது.

வீதி மோசமாக இருந்ததால் அவர் மெதுவாக வருவதாகச் சொன்னார். அவள் இறங்கித் தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் வேகமாக நடந்தாள். லயம் தெரிகிற திருப்பத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பகல் நேரத்தில், மழைத்தூறலில், இரண்டு லயமும் வெறிச்சென்று கிடந்தன. கதவுகள் பூட்டியிருந்தன. காயப்போட்ட துணிகள் கொடியிலேயே நனைந்துகொண்டிருந்தன. ஒரு அடுப்பில் இன்னும் புகை. லயத்துக்குப் பின்னால் மதிலோரம் இரும்புப் பீலி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. கீழே தொட்டியின் சிமெந்து இளஞ்சிவப்பாக இருந்தது.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஆட்கள் எங்கே?

மேலே கோவில் மேட்டில் சத்தம் கேட்டு ஏறினாள். லயத்துச் சனம் முழுவதும் அங்கே இருந்தது. பைகள், சுருட்டிய பாய்கள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கூட்டுக்குள் கோழிகள். தகரக் கூரையின் கீழே பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு இளம்பெண் இடுப்பில் கைப்பிள்ளையோடு எதிரே வந்து, கீழே போகாதீங்க அக்கா, மலை இறங்கப்போகிறது என்றாள். அவள் பெயர் சுலக்ஷனா. கீழ்ப்பிரிவின் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

அவள் சொன்ன விவரம் இது. பெரிய மழைக்குப் பிறகு அதிகாரிகள் தோட்டம் தோட்டமாக வந்து மண்சரிவின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நன்றாக ஓடுகிற ஊற்று திடீரென வற்றினால், அல்லது தண்ணீரின் நிறம் மாறினால், பொருள்களைப் பாராமல் வெளியேறுங்கள் என்று சொன்னார்கள். அந்தப் பீலி எந்தக் கோடையிலும் நின்றதில்லை. இந்த வாரம் நின்றுபோயிற்று. பயந்துகொண்டே ஓடைத் தண்ணீரைத் தூக்கிச் சமைத்தார்கள். இன்றைக்குக் காலையில் பீலி செருமியது, காறியது, பிறகு சிவப்பாகக் கொட்டியது. அவளுடைய மாமனார் அழகன் அதைப் பார்த்த அடுத்த கணம் தகரத்தைத் தட்டி எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார். கொழுந்து பறிக்கப் போனவர்களும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

நாகலெட்சுமி ஒரு கல்லில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். குழாய், தக்கை, கேக் சாயம். சொல்லச் சொல்லச் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள், அழுதபடியே. சிலர் கோபமாகத் திரும்பிக்கொண்டார்கள். சுலக்ஷனா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"இவ்வளவு பேருக்குச் சொன்னீங்களே, எங்களுக்கு ஏங்க சொல்லல?"

"சொன்னேன்மா" என்றாள் நாகலெட்சுமி. "இங்க வந்து சொல்லல."

தண்ணீர் நின்ற அன்றே ஏன் சபைக்கு வரவில்லை என்று பிறகு அவள் கேட்டாள். யாரிடம் போவது என்று திருப்பிக் கேட்டார் அழகன். தோட்டத்தில் கேட்டால் அது பழைய குழாய், எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள். சபையில் கேட்டால் நீங்கள் தோட்டம் என்பார்கள். இவர்கள் சாமான் வாங்குவதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் மலைக்கு அந்தப் பக்கம், ஃபெக்டரியடியில். டவுனில் நடந்த குழாய்ப் பேச்சு ஒன்றும் இங்கே எட்டவில்லை. அந்தப் பள்ளத்தில் தொலைபேசிக்கும் சரியாகச் சிக்னல் கிடையாது.

அவள் சொன்னதை எல்லோரும் நம்பிவிடவில்லை. கேக் சாயம் என்று இந்த அம்மா சொல்வதை வைத்துப் பிள்ளைகளைத் திரும்பவும் மலையடியில் படுக்க வைப்பதா என்று ஒரு தாய் கேட்டாள். அது நியாயமான கேள்வி. இதற்குள் றம்ஸானின் ஆட்டோ குலுங்கிக் குலுங்கி மேட்டடிக்கு வந்து சேர்ந்திருந்தது. வண்டியில் கிடந்த போத்தலின் அடியில் கொஞ்சம் சாயம் மிச்சமிருந்தது. ஒரு செம்பில் மழைத்தண்ணீரைப் பிடித்து அதில் நாலு சொட்டு விட்டார் றம்ஸான். பீலியில் பார்த்த அதே சிவப்பு. நாகலெட்சுமி அந்தச் செம்பை வாங்கி, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். உதடு சிவந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாயின் முகம் இளகியது. ஆனாலும் அவள் இறங்கவில்லை.

றம்ஸான் திரும்பிப் போய் விஜிதரனையும் சின்னத்தம்பியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். விஜிதரன் கோவில் மேட்டில் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் செய்தது சரி, நாங்கள்தான் தப்பு என்றார். ஆனால் உடனே வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. வந்ததோடு ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று, லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் அழகனோடு ஏறி, விரிசல் இருக்கிறதா, மரம் ஏதாவது புதிதாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. மண்சரிவு ஆராய்கிற அதிகாரிகளையும் வரச்சொல்லிக் கேட்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் சனம் ஒவ்வொரு குடும்பமாக இறங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியை றம்ஸானின் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

அன்றைக்குத் திரும்பும் வழியில், தோட்டத்துக்குள் சபை செலவு செய்யக்கூடாது என்பது பழைய சட்டம், அது மாறிச் சில வருஷம் ஆயிற்று என்று விஜிதரன் சொல்லிக்கொண்டு வந்தார். பலகையைத் தாண்டும்போது நாகலெட்சுமி அதைக் கைகாட்டினாள்.

"சட்டம் மாறிருச்சு சார். ஆட்டோ இன்னும் பலகையிலதான் திரும்புது."

மறுவாரச் சபைக் கூட்டத்தில் அது பேசப்பட்டது. யாருடையது என்று தெரியாத குழாயைச் சபை எப்படிப் பொறுப்பெடுப்பது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். யாருடையது என்று தெரியாவிட்டாலும் யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே என்றார் செயலாளர். அந்த ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடவில்லை, இன்னும் இரண்டு கூட்டம் இழுத்தது. அதுவரை ரப்பர்க் குழாயிலேயே தண்ணீர் ஓடியது. பஸ் நிலையத்து வேலையும் நின்று, பயணிகள் சேற்றில் நடந்து, சபையை ஏசினார்கள். ஏன் தாமதம் என்று நாகலெட்சுமி அவர்களுக்கும் காரணம் சொன்னாள். கீழ்ப்பிரிவில் இத்தனை குடும்பம் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, அதற்கு வழி செய்யாமல் மூட முடியாது என்று. ஏச்சு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் மதகுக்கு அடியால் புதுக் குழாய் ஒன்றை இழுத்து இரண்டு இரும்பு முனைகளையும் சேர்த்தார்கள். சின்னத்தம்பியே தன் கையால் மூட்டினார்.

இப்போது ஆட்டோ கீழ்ப்பிரிவுக்கும் போகிறது. முதல்நாள் போனபோது நாகலெட்சுமி எதிர்பாராத ஒன்று நடந்தது. டவுனில் அவள் சொல்வாள், ஊர் கேட்கும், வண்டி போய்விடும். இங்கே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், வீதியை எப்போது போடுவீர்கள், பிள்ளைகள் போகிற பாலத்துக்குக் கைப்பிடி கிடைக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. பாதிக்குமேல் அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன் என்றாள். வியாழக்கிழமைதோறும் சொல்லவும் செய்கிறாள். சில கேள்விகளுக்கு வாரக்கணக்காக, இன்னும் பதில் வரவில்லை என்பதையே பதிலாகச் சொல்கிறாள். சுலக்ஷனா அதையும் வந்து கேட்டுவிட்டுத்தான் போவாள்.

குழாயின் கீழ்முனை தெரிந்துவிட்டது. மேல்முனை தெரியவில்லை. தூறல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலெட்சுமியும் அழகனும் சுலக்ஷனாவும் ஆஸ்பத்திரிக்கு மேலே உள்ள காட்டில் ஏறினார்கள். லொறியிலிருந்து முந்தின இரவு வந்து தூங்கிக்கொண்டிருந்த புருஷனையும் அவள் விடவில்லை. கொஞ்ச தூரம் வரைக்கும் குழாய் மண்ணுக்கு மேலே தெரிந்தது. பாசி படிந்து, வேர்கள் பின்னிக் கிடந்தது. பிறகு ஒரு பெரிய பாறைக்கு அடியில் நுழைந்து மறைந்தது. பாறைக்கு அப்பால் எங்கே தேடியும் இல்லை. அட்டைகள் காலில் ஏறின. புருஷன் போதும் வா என்றான். அழகன் அந்தக் காலத்தில் தன் தகப்பனார் இங்கே ஒரு கல்தொட்டி இருப்பதாகச் சொன்னார் என்றார், ஆனால் அது இந்த மலையா பக்கத்து மலையா என்று அவருக்கு உறுதியில்லை.

நாகலெட்சுமி பாறையில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இடது பக்கம் கேட்கிறது என்றாள். சுலக்ஷனாவும் காதை வைத்துவிட்டு, இல்லை அக்கா, வலது பக்கம் என்றாள். இருவரும் இடம் மாறி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒத்துப்போகவில்லை. மேலே மேகம் இறங்க, நால்வரும் வந்த வழியே இறங்கினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்தால் என்ன, இரண்டு ஊற்றாகக்கூட இருக்கலாமே என்று நாகலெட்சுமி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.